சுண்டெலி முதல் மக்காக் வரை: புறணித் தடிமன் அளக்க ஆன்ட்ஸ் எப்படி?

சுண்டெலி, எலி, மார்மோசெட் என்ற சிறு குரங்கு, மக்காக் குரங்கு, நாய் என்று எந்த விலங்கின் எம்.ஆர்.ஐ. படம் கையில் இருந்தாலும் சரி, அதிலிருந்து மூளைப் புறணியின், அதாவது மூளையின் வெளி அடுக்கின், தடிமனை எடுக்க எந்த மென்பொருளில் தொடங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் முதல் பெயர் ஆன்ட்ஸ்தான். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பிரையன் அவன்ட்ஸ், நிக் டஸ்டிசன் உள்ளிட்டவர்கள் வளர்த்தெடுத்த தொகுப்பு இது. இலவசம், மூலநிரல் திறந்தே இருக்கிறது, அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருகிறது. படங்களை ஒன்றோடொன்று பொருத்துவதற்காகத்தான் பெரும்பாலானவர்கள் இதை அறிந்திருக்கிறார்கள். அதற்குள்ளேயே தடிமன் அளக்கும் கருவியும் இருக்கிறது என்பது விலங்கு ஆய்வு செய்பவர்களில் பலருக்கே தெரிவதில்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஏன் ஃப்ரீசர்ஃபர் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் முதலில் போகிறார்கள். ஃப்ரீசர்ஃபர் மிக நல்ல மென்பொருள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புரூஸ் ஃபிஷ்லும் ஆண்டர்ஸ் டேலும் 2000இல் மனிதப் புறணியின் தடிமனை அளக்கும் முறையை வெளியிட்ட பிறகுதான் இந்தத் துறையே வேகம் பிடித்தது. ஆனால் அது மனித மூளைக்காகக் கட்டப்பட்டது. படத்தை வாங்கியதும் வழக்கமான ஓட்டத்தில் 1 மி.மீ. வாக்சல்களாக (முப்பரிமாணப் படத்தின் சிறு கனப் புள்ளிகள்), பக்கத்துக்கு 256 வாக்சல் கொண்ட கனப் பெட்டிக்குள் மாற்றிக்கொள்கிறது. பின்னால் வரும் ஒவ்வொரு படியும் மனிதத் தலையின் வடிவத்தையும் மனிதத் திசுவின் பிரகாசத்தையும் எதிர்பார்த்தே நகர்கிறது. மக்காக் படத்தை வைத்துக்கொண்டு, 0.5 மி.மீ. வாக்சலை 1 மி.மீ. என்று கோப்பின் தலைப்புத் தகவலில் பொய் சொல்லி உள்ளே அனுப்பி, நடுவில் பாதிப் படிகளைக் கையால் மாற்றி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், நல்ல முடிவும் எடுக்கிறார்கள். சுண்டெலிக்கு அந்த வழி சரிப்படாது. ஒரு மடிப்பும் இல்லாத, முன்னால் மணம் அறியும் பெரிய நுகர்குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும் மூளையை மனித அச்சுக்குள் திணிக்க முடியாது.

ஆன்ட்ஸ் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. அதன் தடிமன் முறைக்கு டைரெக்ட் என்று பெயர், 2009இல் வெளியானது. அதை ஓட்டும் நிரலின் பெயர் கெல்லி கபோவ்ஸ்கி (KellyKapowski), ஆமாம், அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள், உதவிப் பக்கங்களில் தேடும்போது இந்தப் பெயரிலேயே தேடுங்கள். இது மேற்பரப்பை முக்கோண வலையாகக் கட்டுவதில்லை. உள்ளே இருக்கும் வெள்ளைப் பொருளும் புறணியான சாம்பல் பொருளும் சந்திக்கும் எல்லையை எடுத்து, அதைச் சாம்பல் பொருளின் ஊடாக வெளிப்பக்கம் நோக்கி மெதுவாக நகர்த்துகிறது. சாம்பல் பொருள் முடியும் வெளி எல்லையை அது தொடும்வரை எவ்வளவு தூரம் நகர்ந்ததோ அதுதான் அந்த இடத்தின் தடிமன். இந்த நகர்வு கிழியவோ ஒன்றின்மேல் ஒன்று ஏறவோ கூடாது என்பது கணக்கிலேயே கட்டாயமாக இருக்கிறது. அதனால் ஆழமான மடிப்பில் இரண்டு கரைகளும் ஒட்டிக்கொண்டு நடுவில் மூளைத் தண்டுவட நீர் கண்ணுக்கே தெரியாத இடங்களில்கூட, ஒரு கரையின் தடிமன் அடுத்த கரையையும் விழுங்கி இரட்டிப்பாகாமல் ஓரளவு தப்பிக்கிறது. மக்காக், நாய், பன்றி போன்ற மடிப்புள்ள மூளைகளுக்கு இது பெரிய விஷயம்.

அதைவிட முக்கியம், இந்த நிரல் உங்களிடம் கேட்பது மூன்றே மூன்று: எது சாம்பல், எது வெள்ளை என்று குறித்த ஒரு பகுப்புப் படம், சாம்பல் பொருளின் நிகழ்தகவுப் படம், வெள்ளைப் பொருளின் நிகழ்தகவுப் படம். அந்தப் பகுப்பை நீங்கள் எப்படிச் செய்தீர்கள், எந்த விலங்கு, டி1, டி2 என்ற எம்.ஆர்.ஐ. பட வகைகளில் எது என்று அது கேட்பதே இல்லை. கையால் வரைந்து கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும். மனிதர் என்று எதையும் அனுமானித்துக்கொள்ளாத இந்தக் குணம்தான் விலங்குப் படங்களுக்கு இதை நான் பரிந்துரைக்க முதல் காரணம். டஸ்டிசன் குழு 2014இல் 1200க்கும் மேற்பட்ட மனித மூளைப் படங்களில் இதையும் ஃப்ரீசர்ஃபரையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தடிமனை வைத்து வயதைக் கணிப்பது போன்ற சோதனைகளில் ஆன்ட்ஸ் சிறப்பாகவே நின்றது. அது மனிதர்களில் கிடைத்த முடிவு, விலங்குகளுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனாலும் முறை உறுதியானது என்று நம்ப அது போதும்.

சரி, இனி சிக்கல்கள். இங்கேதான் நிறையப் பேர் விட்டுவிட்டு ஓடுகிறார்கள்.

முதல் சிக்கல் அளவு. நிரலின் இயல்பான எண்கள் மனிதத் தலையை மனதில் வைத்து நிர்ணயிக்கப்பட்டவை. படத்தில் இடத்துக்கு இடம் மாறும் பிரகாசச் சரிவைத் திருத்தும் என்4 படியை, தொகுப்போடு வரும் தடிமன் ஸ்கிரிப்ட் 200 மி.மீ. வளைவுத் தூரத்தோடு (திருத்தும் வளைவின் கட்டுப்புள்ளிகளுக்கு இடையிலான தூரம்) ஓட்டுகிறது. சுண்டெலி மூளையின் மொத்த நீளமே சுமார் 15 மி.மீ.தான், ஆக அந்த எண்ணில் திருத்தம் நடந்தும் நடக்காதது மாதிரிதான். அதேபோல் கெல்லி கபோவ்ஸ்கியில் தடிமனுக்கு ஒரு மேல் வரம்பு போன்ற முன்மதிப்பு இருக்கிறது, இயல்பாக 10 மி.மீ. சுண்டெலியின் புறணி ஏறக்குறைய 1 மி.மீ. என்பதால் உண்மையான அளவில் ஓட்டினால் இந்த வரம்பு இருந்தும் இல்லாததும் ஒன்று, தவறான பகுப்பால் ஓரிடத்தில் தடிமன் பல மடங்கு ஏறினாலும் அது தடுக்காது.

இதற்குப் பழைய கைமுறை ஒன்று உண்டு. படத்தின் தலைப்புத் தகவலில் வாக்சல் அளவைப் பத்தால் பெருக்கி, சுண்டெலியை மனித அளவுக்கு ஊதிப் பெரிதாக்கி, எல்லாம் முடிந்ததும் வரும் எண்ணைப் பத்தால் வகுப்பது. சிறுவிலங்கு ஆய்வகங்களில் பரவலாக நடக்கும் வழக்கம்தான், மற்ற மென்பொருள்களுக்கும் இது உதவுகிறது. ஆனால் தடிமன் அளக்கும்போது இதில் ஒரு கண்ணி இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. பத்து மடங்கு ஊதிய சுண்டெலிப் புறணி 10 மி.மீ. ஆகிவிடுகிறது, இயல்பான வரம்பும் 10 மி.மீ. அப்படியானால் புறணி கொஞ்சம் தடித்திருக்கும் பகுதிகள் எல்லாம் வரம்பில் முட்டி நின்றுவிடும், தடிமன் படம் பார்க்க அழகாக, சமமாக இருக்கும், உண்மையான வித்தியாசம் அதற்குள் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். ஊதினால் வரம்பையும் ஏற்றுங்கள். ஊதாவிட்டால் வளைவுத் தூரத்தையும் வரம்பையும் விலங்குக்கு ஏற்பக் குறையுங்கள். நான் ஊதாமல் ஓட்டுவதையே விரும்புகிறேன், ஏனென்றால் ஆறு மாதம் கழித்து அதே கோப்பைத் திறக்கும் இன்னொருவருக்கு எது ஊதியது எது ஊதாதது என்று தெரியாது.

திசையும் அப்படித்தான். மனிதர் ஸ்கேனரில் மல்லாந்து படுப்பார், விலங்கு பெரும்பாலும் குப்புறப் படுத்திருக்கும், மக்காக்கை ஸ்பிங்க்ஸ் நிலையில் உட்காரவைத்தும் எடுப்பார்கள். தலைப்புத் தகவலில் மேல் என்று எழுதியிருப்பது உண்மையில் முன்பக்கமாக இருக்கும். பொருத்தும் படிக்கு முன்னால் இதைச் சரிசெய்துவிடுங்கள், இல்லையென்றால் அப்புறம் வரும் எந்தப் பிழைச் செய்தியும் உங்களுக்குப் புரியாது.

இரண்டாவது சிக்கல்தான் உண்மையான சிக்கல்: மூளையைத் தலையிலிருந்து பிரிப்பதும், சாம்பலையும் வெள்ளையையும் பிரிப்பதும். தொகுப்பில் இருக்கும் மூளைப் பிரிப்பு ஸ்கிரிப்ட் ஒரு டெம்ப்ளேட்டையும் (பொருத்திப் பார்ப்பதற்கான மாதிரி மூளைப் படம்) அதன் மூளை நிகழ்தகவுப் படத்தையும் கேட்கும். நீங்கள் கொடுக்கும் டெம்ப்ளேட் உங்கள் விலங்கினுடையதாக இருந்தால் இது வியக்கத்தக்க அளவுக்கு நன்றாக வேலை செய்கிறது. மக்காக்குக்கு என்.எம்.டி. டெம்ப்ளேட், எலிக்கு வாக்ஸ்ஹோம் அட்லஸ், சுண்டெலிக்கு ஆலன் நிறுவனத்தின் பொது ஆயத்தொலைச் சட்டகம் என்று நல்ல இலவச டெம்ப்ளேட்டுகள் இருக்கின்றன. ஆலனின் சட்டகம் 1,675 சுண்டெலி மூளைகளின் சராசரி, பிரமாதமான வேலை, ஆனால் அது எம்.ஆர்.ஐ. அல்ல, நுண்ணோக்கிப் படம் என்பதை மறந்துவிடாதீர்கள், பிரகாசம் ஒத்துப்போகாது. இருக்கும் படங்களிலிருந்தே சொந்த டெம்ப்ளேட் கட்டும் ஸ்கிரிப்டும் ஆன்ட்ஸில் இருக்கிறது, ஒரே வயது, ஒரே ரக விலங்குகள் போதுமான அளவு இருந்தால் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

இங்கே விலங்கு ஒன்றுக்கு ஒரு தொல்லை. மக்காக்குக்கும் நாய்க்கும் தலையைச் சுற்றி மெல்லும் தசை கனமாக இருக்கும், மூளைக்கும் தசைக்கும் பிரகாசம் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும், மாஸ்க் (மூளை எதுவரை என்று குறிக்கும் படம்) தசைக்குள் கசியும். சுண்டெலிக்கு மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையில் நீர் இருக்கும் இடம் மிகக் குறுகல், அதனால் புறணியின் வெளி எல்லை எது என்பதை முழுக்க முழுக்க உங்கள் மாஸ்க்தான் தீர்மானிக்கிறது. 100 மைக்ரான் வாக்சல் படத்தில் மாஸ்க் ஒரே ஒரு வாக்சல் வெளியே போனால் 1 மி.மீ. புறணியில் 10 சதவீதம் கூடிவிட்டது என்று பொருள். இதை இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். 1964இல் மரியன் டயமண்டும் அவருடைய சகாக்களும், வளமான சூழலில் வளர்ந்த எலிகளின் புறணி, வெறும் கூண்டில் வளர்ந்தவற்றைவிடத் தடித்திருப்பதைத் திசு வெட்டுகளில் காட்டினார்கள். மூளை அனுபவத்தால் மாறும் என்பதற்கு அது ஒரு பெரிய சான்று, ஆனால் அந்த வித்தியாசம் சில சதவீதம்தான். 1 மி.மீ.யில் 5 சதவீதம் என்றால் 50 மைக்ரான், அதாவது அரை வாக்சல். நீங்கள் தேடும் உயிரியல் உண்மை அரை வாக்சல், மாஸ்க் பிழை ஒரு வாக்சல். மாஸ்க்கை ஒவ்வொரு விலங்குக்கும் கண்ணால் பார்த்துத் திருத்தாமல் எடுத்த தடிமன் எண்ணை நான் நம்பமாட்டேன், எவ்வளவு பெரிய இதழில் வந்தாலும்.

இப்போதெல்லாம் யூ-நெட் வகை ஆழ்கற்றல் நிரல்கள் விலங்கு மூளையைப் பிரித்துத் தருகின்றன, ஆன்ட்ஸின் சொந்தப் பிரிப்பைவிடப் பல நேரங்களில் அவை வேகமாகவும் சுத்தமாகவும் செய்கின்றன. அதில் பிரித்து, மாஸ்க்கைக் கையால் திருத்தி, பகுப்புக்கு ஆன்ட்ஸின் அட்ரோபோஸ், தடிமனுக்குக் கெல்லி கபோவ்ஸ்கி என்று கலந்து பயன்படுத்துவதுதான் எனக்குப் பிடித்த வழி. படிகளைப் பிரித்து எடுத்து நமக்கு வேண்டியதை மட்டும் போட்டுக்கொள்ள முடிகிறதே, அதுதான் இந்தத் தொகுப்பின் பலம்.

அட்ரோபோஸைப் பற்றி ஒன்று. நிகழ்தகவுப் படம் எதுவும் கொடுக்காமல், வெறும் பிரகாசத்தை வைத்து மூன்றாகப் பிரி என்று சொன்னால் சுண்டெலியில் மோசமாகவே பிரிக்கும். தலைக்கு மேலே வைக்கும் காயிலில் (சிக்னல் வாங்கும் சுருள்) எடுத்த படத்தில் புறணி பளீரென்றும் மூளையின் அடிப்பகுதி மங்கலாகவும் இருக்கும், அந்தச் சரிவையே அது திசு என்று எண்ணிவிடும். மக்காக்கில் வேறு கதை: முதன்மைப் பார்வைப் புறணியின் நடு அடுக்கில் மயலின் (நரம்பிழைகளின் கொழுப்புறை) அடர்ந்த ஒரு பட்டை ஓடுகிறது, அதனால் கீழடுக்குகள் வெள்ளைப் பொருள் பக்கம் சாய்ந்து தெரிந்து, அந்த இடம் உள்ளதைவிட மெல்லியதாக வந்துவிடும். இது ஆன்ட்ஸின் குறை அல்ல, எம்.ஆர்.ஐ.யில் பிரகாசத்தை வைத்து எல்லை பிரிக்கும் எந்த முறைக்கும் உள்ளதுதான். அந்தப் பகுதியின் எண்ணை அடுத்த பகுதியோடு ஒப்பிடாமல், அதே பகுதியை விலங்குக்கு விலங்கு ஒப்பிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

இறந்த பிறகு ஃபார்மலினில் பதப்படுத்திய மூளைகளை எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீண்ட நேரம் ஸ்கேன் செய்யலாம், படத்தைத் தெளிவாக்கும் காடோலினியத்தில் ஊறவைத்தால் 50 மைக்ரான் அளவுக்குப் போகலாம், ஆன்ட்ஸுக்கு அந்தப் படங்கள் கொண்டாட்டம். ஆனால் பதப்படுத்தினால் திசு சுருங்கும், பிரகாச வரிசையும் மாறும். மூளையை மண்டையோட்டுக்குள்ளேயே வைத்து எடுப்பது வடிவத்தைக் காப்பாற்றும். உயிரோடு எடுத்த குழுவையும் பதப்படுத்தி எடுத்த குழுவையும் ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிடவே கூடாது.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு விலங்கு மயக்க மருந்தில் படுத்திருந்திருக்கிறது. எம்.ஆர்.ஐ.யின் அருமையே, வெட்டிப் பார்க்காமல் அதே விலங்கை மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப அளக்க முடிவதுதான், ஒவ்வொரு காலகட்டத்துக்கும் தனிக் குழுவைக் கொல்ல வேண்டியதில்லை. 1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் விலங்கு ஆய்வுக்கு முன்வைத்த மூன்று நெறிகளில் ஒன்று எண்ணிக்கையைக் குறைப்பது. அளவீட்டில் இரைச்சல் குறைந்தால் அதே முடிவுக்கு வரக் குறைவான விலங்குகள் போதும். ஆகவே மென்பொருளின் ஒரு வரம்பு எண்ணைச் சரியாக வைப்பது வெறும் கணினி வேலை அல்ல. ஆன்ட்ஸில் இதற்கென்றே நீள்கால அளவீட்டு ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறது: ஒரே விலங்கின் எல்லாக் காலத்துப் படங்களையும் சேர்த்து அந்த விலங்குக்கே தனி டெம்ப்ளேட் கட்டி, அதிலிருந்து ஒவ்வொரு படத்தையும் பகுக்கிறது. எந்த ஒரு படத்துக்கும் சலுகை கிடையாது என்பதால் முதல் படத்தின் பக்கம் சாய்வு வராது. வளரும் குட்டிகளை அளப்பவர்கள் கவனமாக இருங்கள், மூளையே பெரிதாகிக்கொண்டிருக்கும் வயதில் நடு டெம்ப்ளேட் எந்த வயதையும் குறிக்காது.

நிறுவுவது எளிது. பைத்தான் தெரிந்தவர்கள் ஆன்ட்ஸ்பை எடுத்துக்கொள்ளலாம், ஆர் மொழி பழகியவர்களுக்கு ஆன்ட்ஸ்ஆர் உண்டு. ஆவணம்தான் பலவீனம்: கட்டளைகளின் உதவி உரை விரிவாக இருக்கிறது, ஆனால் விலங்குப் படத்துக்கு எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று ஓரிடத்தில் சேர்த்து எழுதி வைக்கவில்லை, பழைய கேள்வி பதில்களைத் தேடித்தான் பொறுக்க வேண்டியிருக்கிறது. நல்ல வேளையாக உருவாக்கியவர்களே கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள், சுண்டெலியைப் பற்றிக் கேட்டாலும் பொறுமையாகச் சொல்கிறார்கள். இன்னொன்று, கணினியில் பல இழைகளில், அதாவது இணையாக, ஓட்டும்போது அதே படத்துக்கு முடிவு இம்மியளவு மாறி வரும். துல்லியமாக ஒரே விடை வேண்டும் என்றால் சீரற்ற விதை எண்ணை நிலையாக வைத்து, ஒற்றை இழையில் ஓட்டுங்கள். நேரம் எடுக்கும்தான், உயர் தெளிவுப் படத்துக்கு நினைவகமும் நிறைய வேண்டும்.

மாற்று என்ன என்று கேட்டால், மடிப்பில்லாத சுண்டெலி மூளைக்கு லாப்லாஸ் சமன்பாட்டு முறை அருமையானது. உள் எல்லைக்கு ஒரு மின்னழுத்தம், வெளி எல்லைக்கு இன்னொன்று என்று வைத்துக்கொண்டு, இடையில் ஓடும் கோடுகளின் நீளத்தை அளப்பது. 2000இல் மனித மூளைக்காக முன்மொழியப்பட்டது, 2008இல் ஜேசன் லெர்ச்சும் குழுவும் ஹண்டிங்டன் நோய் மாதிரிச் சுண்டெலிகளில் இதைக் கொண்டுதான் புறணித் தடிமனை அளந்தார்கள். எல்லைகள் சுத்தமாக இருந்தால் வேகமாக முடியும், விடையும் ஒவ்வொரு முறையும் ஒன்றே. சுண்டெலி மட்டுமே உங்கள் வேலை என்றால் இதை முதலில் பாருங்கள் என்றுகூடச் சொல்வேன்.

ஆன்ட்ஸ் தராத ஒன்று மேற்பரப்பு. தடிமன் படம் ஒவ்வொரு சாம்பல் வாக்சலிலும் ஓர் எண்ணாக வரும், அவ்வளவுதான். புறணியின் பரப்பளவு எவ்வளவு, மடிப்பு எவ்வளவு, மூளையை உப்பவைத்து மடிப்புக்குள் ஒளிந்திருப்பதைப் பார்க்கலாமா என்றால் இந்தத் தடிமன் படத்திலிருந்து நேரடியாக வழியில்லை. மடிப்புள்ள மூளைகளில் இது உண்மையான இழப்பு, ஏனென்றால் புறணியின் கன அளவு குறைந்திருக்கிறது என்றால் அது மெலிந்ததா, பரப்பு சுருங்கியதா என்று தனித்தனியாகப் பார்த்தாக வேண்டும். மக்காக் என்றால் மான்ட்ரியலில் உருவான சிவெட்டின் மக்காக் பதிப்பு மேற்பரப்பைத் தருகிறது. பன்றி, ஃபெரட், நாய் என்று போனால் பிரீகான்-ஆல் தொகுப்பை முயன்று பாருங்கள். அதற்கும் உங்கள் விலங்கின் டெம்ப்ளேட்டும் மாஸ்க்கும் கொடுத்தாக வேண்டும், அதனால் ஆன்ட்ஸில் அவற்றைத் தயாரிக்கச் செலவழித்த நேரம் அங்கேயும் அப்படியே கைகொடுக்கும்.